மூன்று கொட்டான் மண்ணோடு திருவனந்தபுரம்

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஆரல்வாய்மொழியில் பஸ்ஸுக்கு நின்றோம். நானும் என் வீட்டுக்காரி இசக்கியும். என் இரண்டு கையிலும் இரண்டு பனையோலைக் கொட்டான். அவள் இடுப்பில் ஒன்று. மூன்றிலும் மண்.

போகிற காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மலையடியில் சர்க்கார் பொட்டல் நூற்றிருபது ஏக்கர் கிடக்கிறது. மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். எங்களுக்கு வருவது காற்று. பதினொரு குடும்பத்து ஆடு அதில் மேய்கிறது. அதை உழுவதற்கு ஒருவர் மனுப் போட்டுவிட்டார். மண் பயிருக்கு ஆகும் என்றால் அவருக்கு. ஆகாது என்றால் ஆட்டுக்கு. அதைப் பார்த்துச் சொல்கிற ஆபீசர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். இரண்டு கட்சியும் மண் கொடுக்க வேண்டும் என்று தாக்கீது. மனுப் போட்டவர் ஒரு சாக்கு அனுப்பிவிட்டார். எங்கள் மண்ணை நான் கொண்டுபோகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். மண் சுமக்க அது போதும் என்றார்கள். இசக்கி திருவனந்தபுரம் பார்த்ததில்லை என்று கூட வந்தாள்.

நாகர்கோவில் ஒன்பது மைல். அங்கே ஏழரைக்கு சர்க்கார் பஸ். திருவனந்தபுரத்துக்கு நாற்பத்திரண்டு மைல், டிக்கெட் ஆளுக்கு இருபத்தொரு சக்கரக் காசு. பஸ் புதுசு. ஸீட்டில் மெத்தை உண்டு. கண்டக்டர் கொட்டானைத் தட்டிப் பார்த்தார்.

"இது எந்தா? கருப்பட்டியோ?"

"மண்ணு."

"மண்ணோ? எவிடெக்கு?"

"திருவனந்தபுரத்துக்கு."

பின்னால் இருந்த ஒருத்தர், "அங்க மண்ணு தீந்துபோச்சாவே?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. தக்கலை வரைக்கும் அதே பேச்சு. இறங்குகிறவன் ஒவ்வொருத்தனும், "அண்ணாச்சி, மண்ணு பத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். இசக்கிக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. பொழுது போயிற்று.

குழித்துறை தாண்டியதும் பூமி மாறுகிறது. தரை சிவப்பு, மேலே எல்லாம் பச்சை. வீடு எங்கே முடிகிறது, தோப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெறும் தரை என்று ஒரு சாண் காணோம். நெய்யாற்றின்கரையில் டீ குடித்தோம். பத்தே முக்காலுக்குக் கிழக்கேகோட்டையில் இறங்கினோம்.

ஆரியசாலையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. முகம் கழுவிக்கொண்டு, அவர் வீட்டம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு நடந்தோம். ஒன்றரை மைல் இருக்கும். எல்லாம் ஏற்ற இறக்கம்.

மதியம் ஒரு மணி. மண் பார்க்கிற ஆபீசர் கோட்டைக்குள் அக்கிரகாரத்து ஐயர். சின்ன வயது. மேசை மேல் கண்ணாடிக் குழாய்கள். அலமாரி நிறைய மண் பாட்டில்கள். எங்கள் முதல் கொட்டானைத் திறந்தார். ஒரு பிடி அள்ளித் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். உருட்டினார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓய் கோனாரே, இது எந்த இடத்து மண்ணு?"

"பொட்டல் மண்ணுதான் சாமி. ஆடு கிடை போட்ட இடம்."

"அங்கே ஏன் எடுத்தீர்?"

"நல்ல இடமாப் பாத்து எடுத்தோம்."

மற்ற இரண்டையும் திறந்தார். "கல்லெல்லாம் எங்கே? பொட்டல்ங்கறேள், ஒரு கல்லைக் காணோமே?"

இசக்கி முன்னால் வந்தாள். "கல்லெல்லாம் பொறுக்கியாச்சு. மூணு தடவ அரிச்சேன். எங்க வீட்டு அரிசியக்கூட இப்படி அரிச்சதில்ல."

"ஏம்மா?"

"சர்க்காருக்குக் குடுக்கறத கல்லும் முள்ளுமாவா குடுக்கது? கோயிலுக்கு அப்படிக் குடுப்பமா?"

ஐயர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த அறையில் இருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார். அவரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இதை இப்படியே எழுதினா என்ன எழுதணும் தெரியுமோ? ஒன்றாம் தரம் புஞ்சை. கல் இல்லை, எருச்சத்து ஏராளம், கடலை நன்னா வரும். உம்ம ஆடு தெருவிலே நிக்கும்."

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் கொட்டானைப் பார்த்தேன். பதினொரு வீட்டு ஆட்டையும் ஒரு சல்லடையில் அரித்துக் கொட்டிவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது.

"மனுப் போட்டவர் மண்ணு எப்படிச் சாமி?" என்று கேட்டேன்.

"அது இதைவிட மோசம். குளத்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கார். ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை விவசாயம் பண்ண வச்சுடுவேள் போலிருக்கு."

ஃபைல் வெள்ளிக்கிழமை மாலை மேலே போகிறது என்றார். அதற்குள் புது மண் வேண்டும். முழங்கால் ஆழம் குழி தோண்ட வேண்டும். மேலிருந்து கீழே மூன்று அடுக்காகத் தனித்தனியாக எடுக்க வேண்டும். கல்லைப் பொறுக்கக் கூடாது. எங்கள் ஊர் வரி வாங்குகிற பார்வத்தியக்காரர் நின்று பார்த்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும். மூன்று குழி. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று.

"ஓடைக்கரை வேண்டாமே" என்றேன்.

"ஏன்? அங்கே என்ன?"

"அங்க மண்ணு நல்லாருக்கும்."

"அதை என்கிட்டே வந்து சொல்றீரே, ஓய்" என்று சொல்லிக்கொண்டே தாக்கீதை எழுதினார். மூன்றாவது குழியை விட்டுவிடவில்லை.

இசக்கியை ஆரியசாலையிலேயே விட்டேன். "நானும் வாறேன்" என்றாள். "வந்தா மறுபடி அரிப்ப" என்றேன். கருப்பட்டிக் கடையம்மா, "இருக்கட்டும், நான் கடல் காட்டுதேன்" என்று கூட்டிப் போய்விட்டாள். நான் மூன்று மணி பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை பார்வத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். மனுப் போட்டவரின் ஆளும் வந்து நின்றான். மேட்டில் கடப்பாரை இறங்கவில்லை. நாலு விரல் மண், அதற்குக் கீழே முழுக்கச் சரள். நடுவில் ஒரு சாண் செம்மணல், காற்று கொண்டுவந்து போட்டது. அதற்குக் கீழே ஓடைக்கல், சுண்ணாம்பு சுடுகிற கல். பாறை மாதிரி பிடித்துக் கிடந்தது. மனுக்காரர் ஆள் அதைப் பார்த்து, "இதுலயா எங்க முதலாளி கடல போடப் போறாரு?" என்று அவனாகவே சொன்னான். ஓடைக்கரையில் மண்வெட்டி வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது. முழங்கால் ஆழத்துக்கும் ஒரு கல் இல்லை. கோடையில் பச்சை நிற்கிறது அந்த ஓடைக்கரையில் மட்டும்தான். எடுத்துக் கட்டினேன். ஒன்பது பொட்டலம். அரக்கு வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை அதே ஏழரை பஸ். அதே கண்டக்டர். "பின்னெயும் மண்ணோ?" என்றார். "இது வேற மண்ணு" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார். பயந்துவிட்டார் போலிருக்கிறது.

பதினொன்றரைக்கு ஆபீஸ். இசக்கி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் பொட்டலங்களை வரிசையாக வைத்தார். கல்லையும் மண்ணையும் தனியே தராசில் நிறுத்தார். குழாயில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி நிறுத்தினார். முதலில் மணல் இறங்குகிறது, பிறகு வண்டல், கடைசியில் களி. எவ்வளவு எவ்வளவு என்று குழாயில் கோடு போட்டிருக்கிறது. ஓடைக்கல் மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்தது. இசக்கி இன்னொரு தடவை விடச் சொன்னாள். விட்டார்.

"நீங்க எப்படிப் பிரிப்பேள் இந்த மண்ணை?" என்று என்னைக் கேட்டார்.

"மேட்டுத் தரையில புல்லு குட்டை. ஆடு வயிறு நிறைய நாள் முழுக்க நடக்கணும். ஆனா சீக்கு வராது. நடுத்தரையில மழை பெஞ்சா எட்டு நாள் பச்சை, பெறகு ஒண்ணும் கெடையாது. ஓடைக்கரை மாசிக்குப் பெறகு. மத்த ரெண்டும் காஞ்சா ஆட்டுக்கு அதுதான்."

"இதைச் சொல்ல எனக்கு ஒன்பது குழாய் ஆச்சு" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

மூன்று மணிக்கு வாசித்துக் காட்டினார். மேடு எழுபது ஏக்கர், நாலாம் தரம், உழவுக்கு ஆகாது. நடு முப்பது ஏக்கர், அடியில் கல்லடுக்கு, அதுவும் ஆகாது. நூறும் மேய்ச்சலுக்கு. ஓடைக்கரை இருபது ஏக்கர், இரண்டாம் தரம் புஞ்சை. மனுக்காரருக்குக் கொடுக்கலாம்.

இசக்கி சொன்னாள்: "ஓடைக்கரைய எடுக்காண்டாம்னு மொதல்லயே சொன்னோம்லா."

"அம்மா, உங்க ஆத்துக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது" என்றார் ஐயர்.

வழி முழுக்க அவள் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

சனிக்கிழமை காலை கோயில் பார்த்தோம். கோபுரத்தை விட எனக்குப் புல்தான் கண்ணில் பட்டது. இந்த ஊரில் மதில் மேல் புல் இருக்கிறது. ஓட்டுக் கூரையில் இருக்கிறது. பழைய வண்டிச் சக்கரத்தில்கூட முளைத்திருக்கிறது. "இவ்வளவையும் யாரு திங்கா?" என்று இசக்கி கேட்டாள். ஒருவரும் தின்னவில்லை. ஆனால் இந்த ஈரத்தில் எங்கள் ஆட்டை ஒரு மாதம் விட்டால் குளம்பு அழுகிவிடும். அதையும் அவளிடம் சொன்னேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஊரில் இறங்கினோம். கணவாய்க் காற்று முகத்தில் மண்ணை அடித்தது. பதினொரு வீட்டிலும் சொன்னேன். நூறு நின்றது, இருபது போனது. சிலர் நல்லது என்றார்கள். சிலர் மாசியை நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத் திறந்துவிட்டேன். பழக்கத்தில் ஓடைக்கரைக்குத் திரும்பின. கம்பை நீட்டி மறித்தேன். கிழட்டுப் பெட்டையாடு ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அதையும் மறித்தேன். கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக மேட்டில் ஏறின. நானும் ஏறினேன்.