டங்ஸ்டன் கடைந்தவள்

டங்ஸ்டன் கலந்த கம்பிகளை லேத்தில் கடைவது அவள் வேலை. கம்பி முழங்கை நீளம்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அலட்சியமாக ஒரு கையால் தூக்கப்போய்த் திணறுவார்கள். அதே அளவு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ராணுவத்துக்குப் போகிறது என்று தெரியும். அதற்குமேல் அவள் கேட்டுக்கொண்டதில்லை.

ஒருநாள் தொழிலாளர்களை பஸ்ஸில் ஏற்றிச் சோதனைத் திடலுக்கு அழைத்துப்போனார்கள். தூரத்தில் பீரங்கி ஒருமுறை அதிர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், தலையணை கனத்துக்கு இருந்த எஃகுத் தகட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு துளை.

“நீங்க கடையற கம்பிதான் இது. உள்ள வெடிமருந்தே கிடையாதுங்க,” என்றார் இன்ஜினியர். “கனம், வேகம், அவ்வளவுதான். வால்ல இருக்கற சின்னச் சிறகு போற வழியிலேயே திசைய மாத்திக்கும். குறி நகந்தாலும் விடாது.”

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கை எழவில்லை. அவள் தம்பி ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறான்.

“எதிராளிகிட்டயும் இது இருக்குமா சார்?”

“இல்லாமயா இருப்பாங்க?”

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். எலக்ட்ரீஷியனான அவள் கணவன்தான் ஓடிவந்து அடுப்பை அணைப்பான். கடைந்த கம்பியைத் துடைக்கும்போதெல்லாம் அதன் முனை தம்பியின் பக்கமே திரும்பியிருப்பதுபோலத் தோன்றும். அதே உலோகத்தில், மருத்துவமனைகளுக்காகக் கதிர்வீச்சைத் தடுக்கும் பெட்டிகள் செய்யும் பிரிவு ஒன்று இருந்தது. மேற்பார்வையாளரிடம் மாற்றல் கேட்டாள். கிடைத்தது.

தம்பியிடம் போனில் சொன்னாள்.

“எங்க வண்டியிலயும் அந்தக் கம்பிதான்க்கா. அக்கா கடைஞ்சதுன்னு பசங்ககிட்ட சொல்லிக்குவேன். கோணாம போகும்னு ஒரு தைரியம்.”

“உன்னைப் பாத்து வர்றதையும் எவளோ ஒருத்தி இப்படித்தான்டா கோணாம கடைஞ்சிருப்பா.”

“அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?”

“ஒண்ணும் பண்ண முடியாது. அதான் அங்க நிக்க முடியல.”

எல்லையில் சண்டை மூண்டது. தம்பியிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. பழைய பிரிவில் அவள் இடத்துக்கு வந்திருந்த பெண், கடைசல் பிசகுகிறதென்று அவளைத் தேடி வந்தாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தம்பியின் வண்டி கண்முன் வந்தது. கூடப்போய்ச் சரிசெய்து கொடுத்தாள். திரும்பி வரும்போது தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

தம்பி பிழைத்தான். பக்கத்து வண்டியில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. தம்பி விடுப்பில் வந்து போனான். பிறகு அவன் பயிற்சிப் பள்ளிக்கு மாறிக்கொண்டான். புதியவர்களுக்கு டாங்கி ஓட்டக் கற்றுத்தருகிறான்.

சண்டைக்குப்பின் கம்பிகளுக்கு ஆர்டர் குவிந்தது. பழைய பிரிவுக்கே வரச்சொல்லி மேற்பார்வையாளர் கேட்டார்.

“வேணாம் சார்,” என்றாள்.

சொன்னது சரிதானா என்று அன்று வீட்டுக்கு வந்து கணவனை நச்சரித்தெடுத்துவிட்டாள். அவன் என்ன பதில் சொல்லியும் அவளுக்குப் போதவில்லை.