கொரியாக்காரரின் கறுப்புக் காகிதம்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கொரியாக்காரர் பல மாதம் தங்கிப் படித்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். செஞ்சியில் அவருக்கு என்ன வேலை என்பார்கள். அறுபதுகளில் சென்னைக்கு ஏதோ பெரிய படிப்புப் படிக்க வந்தவர் அவர். எங்கள் பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் சமணக் கல்வெட்டுகளைப் படித்து ஆராய வேண்டுமென்று ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள். நம் மதத்தைப் படிக்கக் கடல் தாண்டி ஒருவர் வந்திருக்கிறாரே என்று என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுவது நைனா, தலைகால் புரியவில்லை. வாடகை வேண்டாம், சாப்பாடும் நம் வீட்டிலேயே என்று சொல்லிவிட்டார். சமைத்துப் போடப் போகிற அம்மாவையும் என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஊர் அவரைச் சீனாக்காரன் என்று முடிவு கட்டிவிட்டது. சீனாவோடு சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. கொரியா என்று ஒரு நாடு இருக்கிறது என்று சொன்னால், "அதுவும் சீனாவுலதான இருக்குது?" என்று கேட்ட மேதைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கோட்டையை வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். குரங்கையும் முள்செடியையும் தவிர அந்தக் கோட்டையில் வேவு பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் படிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே எழுந்து படுக்கையைச் சதுரமாக மடித்து மூலையில் வைப்பார். கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் முகத்தை அடித்து அடித்துக் கழுவுவார். பிறகு தலைவலிக்காரர் மாதிரி நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குட்டை மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உரக்கப் படிப்பார். அவர் தமிழைப் படிக்கிறாரா, தமிழை அடிக்கிறாரா என்று கீழே சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தேகமாக இருக்கும். படித்ததை ஒரு தாளில் எழுதுவார். அதன் மேலேயே மறுபடி எழுதுவார். வரிக்கு நடுவில், ஓரத்தில், தலைகீழாக, எழுதிய எழுத்தின் மேலேயே இன்னொரு எழுத்தாக, தாள் முழுக்கக் கறுப்பாகும் வரை விடமாட்டார். பிறகு அதைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார். அவர்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் படிப்பார்களாம். நான் காபி கொண்டுபோய் வைத்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். டம்ளர் தானாக நடந்து மாடி ஏறி வந்தது என்று நினைத்திருப்பார்.

சமண வழக்கப்படி எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. பாவம், பூண்டு இல்லாமல் அவர் நாக்கு செத்துப்போயிருக்க வேண்டும். சந்தை நாளில் வெளியே போய்ப் பச்சைப் பூண்டை மென்றுவிட்டு வருவார். மாடிப்படி முழுக்க நாறும். இதே நாற்றம் என் அண்ணன் வாயிலிருந்து வந்திருந்தால் நைனா தோலை உரித்திருப்பார். கொரியாக்காரர் படித்தவர் இல்லையா, அதனால் நைனாவின் மூக்கு வேலை செய்யவில்லை.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்டிருந்தான். நான் பத்தாவது முடித்து, அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற பதினோராம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம். நைனா என்னை நிறுத்திவிட்டார். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே பரிட்சை எழுதினா ஊரு சிரிக்கும். அதுல நீ பாஸாயி அவன் பெயிலாயிட்டா நான் வெளிய தலகாட்ட முடியுமா? அவன் மொதல்ல பாஸ் பண்ணட்டும். அப்புறம் நீ போவலாம்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை ஒரு சோம்பேறியின் கணக்குப் பரீட்சையில் போய்த் தொங்கியது.

மாடியில் நடப்பதைப் பார்த்துவிட்டு நைனா ஒரு சட்டம் போட்டார். அண்ணனும் தினம் இத்தனை தாளைக் கறுப்பாக்க வேண்டும். தன்னுடைய மணிலாக்கொட்டை மண்டியிலிருந்து, அதாவது வேர்க்கடலைக் கடையிலிருந்து, மீந்த காகிதத்தைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். சாயங்காலம் வந்ததும் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எங்காவது வெள்ளை தெரிந்தால் திட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். கறுப்பு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். படிப்பை இப்படி வேட்டித் துணி பார்ப்பதுபோலப் பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தாள்களை மாடிக்கு எடுத்துப் போய்க் கொரியாக்காரரிடம் காட்டிப் பெருமைப்படுவார். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

அண்ணன் மூன்று நாளில் களைத்துவிட்டான். என்னிடம் வந்தான்.

"நீ எழுதிக் குடு. நான் பாஸாவலன்னா உனக்குதான் நஷ்டம்."

சொன்னது உண்மை. அவன் வாழ்க்கையில் யோசித்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நான் எழுதினேன். அடுப்பில் பருப்பு வேகும்போது இங்கிலீஷ் இலக்கணம், மத்தியானத்தில் வடிவக் கணிதம். அவன் விரல் நுனியில் மையைத் தடவிக்கொண்டு நைனா கண்ணில் படும்படி கையை நீட்டி உட்கார்ந்திருப்பான். அதற்கு மட்டும் அலுப்பில்லை. ஆனால் நான் எழுதினால் அவன் மண்டையில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதியதையெல்லாம் அவன் திருப்பிச் சொல்லும் வரை விடவில்லை. பாயில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு மூக்கால் அழுதபடி சொல்லுவான். தேற்றத்தைத் தப்பாகச் சொன்னால் அடுத்த வேளைக்கு அவன் தட்டில் நெய் விழாது. நெய்க்காகப் படித்தான் என்றே சொல்லலாம்.

பாஸாகிவிட்டான். மயிரிழையில்தான், ஆனாலும் பாஸ். நைனா தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். எல்லாம் கொரியாக்காரர் காட்டிய வழி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கொரியாக்காரரைச் சீனாக்காரன் என்ற அதே தெருவில் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு நெற்றியில் துணி கட்டிவிட்டார்கள். நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்காகப் பாவாடை தாவணியை வெளுத்து மடித்து வைத்திருந்தேன்.

கொரியாக்காரர் சென்னைக்குத் திரும்புகிற நாளும் வந்தது. மறுநாள் காலையில் பஸ் என்பதால் அன்று சாயங்காலம் வடை பாயசத்தோடு விருந்து. நைனா, அண்ணன், அவர் மூவரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். நைனா அண்ணன் முதுகைத் தட்டி, "நீங்க காட்டின மாதிரி எழுதி எழுதிதான் இவன் தேறினான்" என்றார். கொரியாக்காரர் பாயசத்தைக் கீழே வைத்தார்.

"இவர் எழுதவில்லை, ஐயா. தங்கை எழுதினார். கல்லில் வேறு வேறு ஆள் வெட்டினால் எனக்குத் தெரியும். காகிதத்திலும் தெரியும்."

இத்தனை மாதம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, மூட்டை கட்டிய பிறகு உண்மை பேச வந்த மகா பண்டிதர்! ஆனாலும் பேசிவிட்டார். இனி நைனா தலைகுனிவார், அண்ணனுக்கு அறை விழும் என்று நினைத்தேன்.

நைனா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எனக்குத் தெரியாதா?" என்றார். "மொத வாரமே தெரியும். எம் பொண்ணு கையெழுத்து எனக்குத் தெரியாம போயிடுமா? யாரு எழுதினா இன்னா, வூட்டுப் புள்ள பாஸாயிட்டான்."

முட்டாள் என்று நான் ஏளனம் செய்துகொண்டிருந்த மனிதர் எல்லாம் தெரிந்தே என்னை மாடாய் உழைக்க வைத்திருக்கிறார். அவர் முட்டாளாகவே இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"அப்போ நான் இஸ்கூலுக்குப் போவட்டுமா நைனா? அண்ணன் பாஸானா அனுப்பறேன்னு சொன்னீங்களே."

"அதான் அத்தினி காகிதம் எழுதித் தள்ளிட்டியே. இன்னும் இன்னா எழுதணும் உனக்கு?" என்று சிரித்தார். அண்ணனும் கூடச் சிரித்தான். தை மாதத்துக்குள் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். கொரியாக்காரர் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதற்குமேல் தமிழ் வரவில்லை போலிருக்கிறது.

"ரசத்துக்குச் சாதம் போடு" என்றார் நைனா.

எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. நைனா இதில் இன்னும் ஒரு படி கெடுபிடி. சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் மறைந்தாலே பொழுது போனதாகக் கணக்கு. சூரியன் அப்போது மலை உச்சியில் இருந்தது. நான் சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றேன்.

"போடும்மா, பொழுது போவுது."

நான் அசையவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது.

"போயிடுச்சி நைனா" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவப் போனார். பள்ளிக்கூடத்துக்கு நான் பிறகு போகவேயில்லை. என் படிப்புக்கு ஈடாக அவரிடமிருந்து என்னால் பிடுங்க முடிந்தது அந்த ஒரு பிடி ரசம் சாதம்தான்.