மஞ்சள் சிவந்த அன்று செல்வம் சொன்ன பொய்

செல்வம் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே... கல்லலில் அவர் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் கார்டு கடையில், கார்டுகளுக்குப் பின்னணித் தாள் செய்பவர். வெள்ளைத் தாளில் ஸ்ப்ரே இங்க் அடித்து, காயவைத்து, மேலே இன்னொரு கலர். நானும் அவரும் ஒரே மேஜை. என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

பாட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்குவார். இங்கில் கலந்த தங்கத்தூள் அடியில் தங்கிவிட்டதா என்று சத்தத்திலேயே தெரியுமாம். எனக்கு இன்றுவரை ஒரு மண்ணும் கேட்டதில்லை!

வீட்டு இடியாப்பத் தட்டைத் தாள்மேல் வைத்து அடிப்பார். புள்ளி புள்ளியாக அத்தனை அழகு... அவர் மனைவி மீனா கடைக்கே வந்துவிட்டார் ஒருநாள். "ஏங்க, தட்டை இங்குட்டுத் தூக்கிட்டு வந்துட்டீகளே, நான் எதுல அவிக்கிறது?"

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. என் கணவருக்கு வேலை போயிருந்த நேரம், இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. நெற்குப்பையில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு நூற்றைம்பது அழைப்பிதழ், எல்லாம் இளநீலத் தாள். கல்யாணப் பெண்ணும் அவள் அத்தையும் வாங்க வந்தார்கள். அத்தை, சாமிக்கு வைக்கும் முதல் கார்டுக்கு அங்கேயே மஞ்சள் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டார்.

தொட்ட இடமெல்லாம் சிவந்துவிட்டது. அத்தை பதறினார்.

"என்ன ஆச்சி இது, மஞ்சளு ரெத்தமால்ல தெரியுது? கல்யாணக் கார்டு இது!"

எங்கள் முதலாளி ஆச்சி எங்கள் பக்கம் திரும்பினார். "பாட்டிலக் கழுவுனது யாரு?"

நான்தான். வாய் அடைத்திருந்த பாட்டிலைச் சலவை சோடாவில் ஊறப்போட்டு, சரியாக அலசாமல் அந்த நீல இங்கை ஊற்றியிருந்தேன். சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும், துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேலை போய்விடுமே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாந்தேன் ஆச்சி," என்றார் செல்வம்.

சொன்ன கையோடு எதிர் ஜூஸ் கடைக்கு ஓடி எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பிழிந்து வடிகட்டி, புது ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கார்டின்மேல் லேசாக ஒரு அடி. சிவப்பு மெல்ல மஞ்சளாகத் திரும்பியது! சாறு விழுந்த இடங்களில் நீலம் கலைந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கல்யாணப் பெண்ணுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "எல்லாத்துலயும் இதே மாதிரி அடிச்சுக் குடுங்கண்ணே..."

இன்று எங்கள் கடையில் அதிகம் போவது அந்த லெமன் தாள்தான். ஆனால் செல்வத்துக்கு அன்றிலிருந்து 'சோடா' என்றே பெயர். இதைப் படிக்கும் கடை நண்பர்களும் அப்படிக் கூப்பிட்டவர்கள்தான். கூடச் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்... வெட்கமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை அவரிடம் ஆரம்பித்தேன். "சும்மா இருங்கக்கா. பேரு நல்லாத்தேன் இருக்கு, ஏன் கெடுக்குறீக?"

இன்று அவர் வீட்டில் ஆச்சி அழுதுகொண்டே அந்தக் கதையைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பாட்டிலக் கழுவுனது நான், ஆச்சி," என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மீனா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கே சொல்லிட்டாக. 'புதுசா வந்த அக்காவுக்கு நல்ல கை, ஒரு தப்புக்காக அனுப்பிறக் கூடாது'ன்னாக."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். "திங்கக்கெழம நேரத்தோட வந்துரு. ரெண்டு கல்யாணத்துக்குத் தாள் வேணும். இனி நீதேன் அடிக்கணும்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கமெண்டில் யாரும் அவரை 'சோடா' என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் என்னுடையது.

நிம்மதியாகப் போங்க, செல்வம்.