சந்தேகம்னா ஒத்தக் கொடி

செல்வசிங் அண்ணனுக்கு வாயைவிட கைதான் ஜாஸ்தி பேசும். கிரேனுக்கு சிக்னல் குடுக்கிற வேலை. சவூதியில, ஜுபைல்ல எங்க சைட்ல மேல ஏறுன இரும்பு எல்லாம் அவரு விரலைப் பாத்துத்தான் ஏறுச்சு. ரூமுக்கு வந்தாலும் அதே பழக்கம். சோறு இன்னும் வேணும்னா விரலை மேல காட்டி சுத்துவாரு, அதுக்கு 'தூக்கு'ன்னு அர்த்தம். போதும்னா உள்ளங்கையக் கவுத்து அப்படியும் இப்படியும் வீசுவாரு, அது 'ஸ்டாப்'.

"ஏப்பா சிங்கு, இது சோறா, இல்ல பைப்பா? வாயால சொன்னா என்ன?" அப்படிம்பாரு சோலையப்பன் அண்ணன். எங்க ரூம்ல சமைக்கிறவரு அவருதான், தேவகோட்டைப் பக்கம்.

"வாயால சொன்னா கிரேன் சத்தத்துல கேக்காதுடே," அப்படிம்பாரு சிங்கண்ணன்.

அவரு குளச்சல் பக்கத்து ஆளு, நான் பரமக்குடி. அவரு மாதிரி நான் பேசுனா, குளிச்சுட்டு இருக்கிறவரு பாத்ரூமுக்குள்ள இருந்து, "யாருடே அது, நம்ம ஊருக்காரன் புதுசா வந்திருக்கானா?"ன்னு கேப்பாரு. தன் குரலு தனக்கே தெரியாத மனுசன். நான் கேம்ப்ல எல்லாரையும் பேசிக் காட்டுவேன், ஒருத்தர் கூட பாக்கி கிடையாது. கேம்ப் பாஸ் சேதுமாதவன் சார் மாதிரி மலையாளம் கலந்து, என் பேரையே சொல்லி, "எந்தா விமலே, லைட்டு அணைக்கலயோ"ன்னு சொன்னா நாலு ரூம்ல லைட்டு அணையும்.

கிரேக் குரலும் எனக்கு வரும். கிரேக் எங்க லிஃப்டிங் சூப்பர்வைசர், ஆஸ்திரேலியாக்காரரு. பாதி வார்த்தைய மூக்குல வச்சுக்கிட்டு மீதிய வெளிய விடுவாரு. அவருதான் சிங்கண்ணனை அந்த விளையாட்டுக்கு இழுத்துட்டுப் போனது.

ஆஸ்திரேலியா ஃபுட்பால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அல் கோபார்ல ஒரு காம்பவுண்டு புல்லுத் தரையில விளையாடுவாங்க. பந்து பப்பாளிக்கா மாதிரி இருக்கும். கால்ல உதைக்கலாம், கையால குத்தலாம், அடுத்தவன் முதுகுல முட்டிய வச்சு ஏறிக் குதிச்சுப் புடிக்கலாம். மொத தடவ நாங்க பாக்கப் போனப்ப ஏதோ அடிதடி நடக்குதுன்னு பஸ்ஸை விட்டே இறங்கல. ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம் நட்டிருக்கும், வலை கிடையாது. நடு ரெண்டு கம்பத்துக்குள்ள பந்து போச்சுன்னா ஆறு பாயிண்ட், ரெண்டு கொடி ஆட்டணும். ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலும் சரி, கம்பத்துல பட்டாலும் சரி, ஒரே பாயிண்ட், ஒரே கொடி. அந்தக் கம்பத்துக்கு நடுவுல வெள்ளைக் கோட்டு போட்டுட்டு நிக்கிற அம்பயர்தான் நம்ம சிங்கண்ணன்.

"செல்வா, யூ ஷோ வாட் யூ ஸீ, மைட்." இப்படித்தான் கிரேக் கூப்பிட்டாரு. பாத்ததைக் காட்டுற ஆளு நீன்னு அர்த்தம். சிங்கண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, பந்து பட்டுதா படலயான்னு சரியாத் தெரியலன்னா என்ன செய்யணும்னு. சந்தேகம்னா சின்னது, ஒத்தக் கொடின்னாரு கிரேக். "அப்பம் நம்ம வேலை மாதிரிதான். சந்தேகம்னா தூக்காதே," அப்படின்னு சொல்லிட்டு ஒத்துக்கிட்டாரு.

கோட்டு அவரு அக்கா சுசீலா தைச்சது. குளச்சல்ல டைலர் கடை வச்சிருந்தாங்க. இவரு பழைய அளவைச் சொல்ல, அவங்க எதுக்கும் இருக்கட்டும்னு கையை ஒரு விரக்கடை நீளமா வச்சு அனுப்பிட்டாங்க. கோட்டு போட்ட போட்டோவைப் பாத்துட்டு, தம்பி கவுரவமா நிக்கான்னு கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் காட்டுனாங்களாம். வெள்ளிக்கிழமை ராத்திரி போன்ல ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாரு, எங்களுக்கும் கேக்கும்.

"லேய், நீ எப்பம்டே பந்தைத் தொடுவ?"

"நான் தொட்டா குத்தம்க்கா."

"அப்பம் என்னத்துக்கு அங்க போயி வெயில்ல நிக்க? சரி, எத்தன தடவ ரெண்டு கொடி ஆட்டுன, அதைச் சொல்லு."

எண்ணிக்கைய இவரு சொல்லுவாரு, அவங்களுக்கு அதுல ஒரு சந்தோசம். டிவியில கூட அந்த விளையாட்டை அவங்க பாத்ததில்ல.

போன வருசம் பைனல்ல கிரேக் விளையாடுற கோபார் டீம், பஹ்ரைன் டீமோட. கடல் பாலம் தாண்டி வந்திருந்தாங்க. கடைசி நிமிசத்துல கிரேக் உதைச்ச பந்து நடுவுலதான் போச்சு, நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம். சிங்கண்ணன் ஒரே ஒரு கொடியை எடுத்தாரு. பந்து கம்பத்தை உரசிட்டுப் போனதை அவரு ஒருத்தரு மட்டும்தான் பாத்தாரு. கோபார் டீம் தோத்துப் போச்சு. பஸ்ல வர்றப்ப ஒருத்தனும் அவரோட பேசல. "சொந்த சூப்பர்வைசருக்கு ஒத்தக் கொடி காட்டுற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்"ன்னு சோலையப்பன் அண்ணன் பொதுவா ஜன்னலைப் பாத்துச் சொன்னாரு. சிங்கண்ணன் கோட்டை மடிச்சு மடியில வச்சுட்டு உக்காந்திருந்தாரு. சனிக்கிழமை டூட்டிக்குப் போனா, கிரேக் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வந்து அவரு கையைப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம்தான் எங்க ஆளுங்களுக்குப் புத்தி வந்துச்சு.

இந்த வருசம் மறுபடியும் பைனல், மறுபடியும் பஹ்ரைன். வாரம் பூராவும் கேம்ப்ல அதே பேச்சுதான். கோபார் டீமுக்குப் பச்சை ஜெர்சிங்கறதால பெயிண்டருங்க ஒரு பழைய பெட்ஷீட்டுக்குப் பச்சை அடிச்சுட்டாங்க. பஸ்ஸுல கட்டிக்கொண்டு போறதுக்கு எலுமிச்சஞ்சோறு கிண்டறதா சோலையப்பன் அண்ணன் சொல்லிட்டாரு. டிரைவர் குல்சார் பாய் பெஷாவர்க்காரரு, "இஸ் பார் பக்கா ஜீதேகா"ன்னு, அதாவது இந்தத் தடவ கண்டிப்பா ஜெயிக்கும்னு, தினமும் காலையில பஸ்ஸுக்குள்ள அறிவிப்பு குடுப்பாரு. சிங்கண்ணன் மட்டும், "யாரு ஜெயிச்சா எனக்கென்ன, நான் கம்பத்துக்காரன்"னு சொல்லிட்டு, யாரும் பாக்காத நேரம் மொட்டை மாடியில நின்னு ரெண்டு கையையும் வீசிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அவருக்குக் கேம்ப்ல இன்னொரு வேலையும் இருந்துச்சு. அதை யாரும் அவருக்குக் குடுக்கல, தானா வந்தது.

ஊர்ல யாராவது செத்துட்டா, இங்க இருக்கிற ஆளுக்கு வீட்டுலருந்து நேரா போன் வராது. ரூம்மேட்டுக்குத்தான் வரும். ரூம்மேட்டு அவன் போனை எடுத்து ஒளிச்சு வச்சுட்டு, கேம்ப் பாஸ்கிட்டச் சொல்லி, ஊருக்குப் போயிட்டு வர்ற விசாவும் டிக்கெட்டும் போட்டுட்டு, "உங்கப்பா கொஞ்சம் சீரியஸாம், போயிப் பாத்துட்டு வா"ன்னு அனுப்பிருவாங்க. எல்லா கேம்ப்லயும் இதுதான் வழக்கம். தாங்க மாட்டான், தனியா பிளைட்ல போறவன்னு ஒரு இரக்கம்தான்.

சிங்கண்ணனையும் அப்படித்தான் ஒரு தடவ அனுப்புனாங்களாம், ஓமன்ல, சோஹார்ல வேலை பாத்தப்ப. அப்பா சீரியஸ்னாங்க. போற வழியில ஏர்போர்ட்ல அப்பாவுக்குன்னு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி, உடையாம இருக்கணும்னு சட்டைக்குள்ள சுத்தி, மடியிலயே வச்சுட்டுப் போயிருக்காரு. தெருமுக்குல ஆட்டோ திரும்புனதும் பந்தல் தெரிஞ்சிருக்கு. "அந்தப் பாட்டிலை எங்க வைக்கன்னு தெரியாம, அப்பாவைப் பாக்க குனியும்பமும் கையில வச்சிட்டே நின்னேன்டே." இதை அவரு ஒரே ஒரு தடவதான் என்கிட்ட சொன்னாரு.

அதுலருந்து கேம்ப்ல யாருக்கு அப்படி ஒரு சேதி வந்தாலும் சிங்கண்ணன்தான் போவாரு. மொதல்ல சாப்பிட வைப்பாரு. எதிர்ல உக்கார மாட்டாரு, பக்கத்துல உக்காருவாரு. சீரியஸ்ங்கற வார்த்தை அவரு வாயில வராது. "இறந்துட்டாவ மக்கா"ம்பாரு. சொல்லிட்டு எந்திரிக்கவும் மாட்டாரு. "லோடைத் தரையில வச்சாச்சுன்னு உடனே கொக்கியைக் கழட்டப்படாது, சாயுதான்னு பாத்து நிக்கணும்"பாரு. இன்னொண்ணும் சொல்லுவாரு: "சேதியைக் கையில வச்சிக்கிட்டு ஒருத்தனைச் சிரிக்க விடப்படாது."

பைனல் அன்னைக்குக் காலையில சோலையப்பன் அண்ணன் போனுக்குக் குளச்சல்லருந்து கால் வந்துச்சு. சுசீலா அக்கா கடையில மிஷின்ல உக்காந்திருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மறுநாள் சாயங்காலம் அடக்கம், தம்பி வர்றதுக்காக வச்சிருக்கோம்னு சொன்னாங்க.

சிங்கண்ணன் அப்ப ரூம்ல கோட்டை அயர்ன் பண்ணிட்டு இருந்தாரு. போனை சார்ஜ்ல போட்டிருந்தாரு. நான் அதை எடுத்து என் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். அவரு கவனிக்கல.

சேதுமாதவன் சார் நல்ல மனுசன், அதையும் சொல்லணும். ஆபீஸ்ல உக்காந்து விசா, டிக்கெட் எல்லாத்தையும் அவரே முடிச்சாரு. தம்மாம்லருந்து ராத்திரி பிளைட். அப்புறம் எங்களைப் பாத்து மெதுவாச் சொன்னாரு: "ஒரு காரியம் ஆலோசிச்சேன். பிளைட் ராத்திரிதானே. கிரவுண்டுலருந்து ஏர்போர்ட் பக்கம். பேகை நம்ம பேக் பண்ணி காருல வச்சுக்கலாம். பாவம், ஒரு வருஷமா காத்திருக்கான். மேட்ச் முடியட்டும், நேரா கொண்டு போயி, அக்கா கொறச்சு சீரியஸாணுன்னு சொல்லி ஏத்திடலாம். ரெண்டும் நடக்கும்."

கேட்டா சரின்னுதான் பட்டுச்சு. சோலையப்பன் அண்ணன் தலையாட்டி மறுத்தாரு. "ஒரு பஸ்ஸு நிறைய ஆளு. அத்தனை பேருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவரு கொடிய ஆட்டுறதை நம்ம பாத்துக் கை தட்டணுமாக்கும்? அதுவும் அவருகிட்டயா, சீரியஸ்னு? என்னால ஆகாது சார்."

"அப்ப யாரு சொல்றது?"

சொல்ற ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளுக்குத்தான் சொல்லணும். கடைசியில ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க.

"நீதான் அவரு மாதிரியே பேசுவியே. அவரு சொல்ற மாதிரியே சொல்லிரு தம்பி," அப்படின்னாரு சோலையப்பன் அண்ணன்.

நான் தட்டுல எலுமிச்சஞ்சோறு போட்டு, அப்பளம் வச்சு எடுத்துட்டுப் போனேன். சிங்கண்ணன் கோட்டை ஹேங்கர்ல மாட்டிட்டு, கொடி ரெண்டையும் தட்டிப் பாத்துட்டு இருந்தாரு. உற்சாகமா இருந்தாரு.

"வாடே. கிரேக் இன்னைக்கு எப்படிப் பேசுவான், பேசிக் காட்டு."

"அப்புறம் காட்டுறேன்ணே. சாப்பிடுங்க."

"மேட்ச்சுக்கு முன்னால நான் சாப்பிட மாட்டேன்லா, தெரியாதா?"

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கண்ணே."

தட்டை வாங்கிக்கிட்டாரு. நான் எதிர்க் கட்டில்ல உக்காரப் போயி, எந்திரிச்சு அவரு பக்கத்துல வந்து உக்காந்தேன். அவரு ஒரு வாய் எடுத்தாரு. ரெண்டாவது வாய்க்குக் கை வச்சவரு அப்படியே நிறுத்திட்டாரு. என்னைப் பாக்கல. சார்ஜர் ஒயரைப் பாத்தாரு, அதோட முனையில போன் இல்ல.

"வந்ததுலருந்து நீ உன் குரல்லயே பேசுகே," அப்படின்னாரு.

நான் பாக்கெட்லருந்து அவரு போனை எடுத்து அவரு பக்கத்துல வச்சேன்.

அவரு தட்டைக் கீழ வச்சாரு. கையைத் துடைச்சுக்கிட்டாரு. வலது கை விரலைத் தரையைப் பாத்துக் காட்டி மெல்லச் சுத்துனாரு. இடது உள்ளங்கைய அதுக்கு முன்னால அசையாம நிறுத்துனாரு. கிரேன் ஆபரேட்டருக்கு எத்தனையோ தடவ அவரு அதைக் காட்டி நான் பாத்திருக்கேன். மெதுவா இறக்கு.

"சுசீலாக்கா இறந்துட்டாங்கண்ணே," அப்படின்னேன்.

கை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் ரெண்டையும் முட்டி மேல வச்சுக்கிட்டாரு. நான் எந்திரிக்கல. வெளிய பெயிண்டர் பசங்க பஸ்ல பெட்ஷீட்டு கட்டுற சத்தம் கேட்டுச்சு. குல்சார் பாய் என்னமோ சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ போயிச் சொல்லியிருக்கணும், சத்தம் டக்குன்னு நின்னுருச்சு.

ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டாரு: "எப்பம் அடக்கம்?"

சொன்னேன். டிக்கெட் போட்டாச்சுன்னும் சொன்னேன். சேதுமாதவன் சார் யோசனையையும் மறைக்காமச் சொன்னேன். நீங்க வேணும்னா மேட்ச்சுல நின்னுட்டு நேரா போகலாம், நேரம் இருக்குண்ணே, அப்படின்னேன்.

"கண்ணு நிறைஞ்சிட்டுன்னா ஒரு கம்பம் ரெண்டாத் தெரியும்டே. அப்படிப்பட்டவன் அங்க நிக்கப்படாது." அப்புறம் என் முகத்தைப் பாத்தாரு. "நீ சாப்பிட்டியா?"

இல்லன்னு தலையாட்டுனேன். அவரு தட்டை என் பக்கம் நகத்தி வச்சாரு.

மூணு மணி வாக்குல கிளம்புனோம். கிரேக் போன் பண்ணாரு. சிங்கண்ணன் காதுல வச்சு, "எஸ் சார், எஸ் சார்"னு ரெண்டு தடவ சொன்னதோட சரி. கோட்டை ஹேங்கரோட எடுத்து என் கையில குடுத்தாரு. அதைக் குடுக்கிறதுக்கு முன்னால கைப்பக்கத் தையலை விரலால ஒரு தடவ நீவிப் பாத்தாரு.

"இன்னைக்குக் கம்பத்துல நீ நில்லு. கை நீளமா இருக்கும், மடிச்சுக்கோ. பந்து வரும்பம் உதைச்சவன் மூஞ்சியைப் பாக்காதே. கம்பத்தைப் பாரு. சந்தேகம்னா?"

"ஒத்தக் கொடிண்ணே."

"நம்ம டீமா இருந்தாலும்."

"நம்ம டீமா இருந்தாலும்."

அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பவான்னு பழக்கத்துல கேக்க வந்தேன். கேக்கல.

கேட்டுக்கிட்ட பஸ்ஸு குறுக்க நின்னுச்சு. ஏர்போர்ட் போற காரு அதுக்கு உள்பக்கம். பஸ்ஸு பின்னால எடுத்தாத்தான் காரு வெளிய போக முடியும். கேம்ப்ல பெரிய வண்டி ரிவர்ஸ் எடுத்தா சிங்கண்ணன்தான் பின்னால நின்னு சிக்னல் குடுப்பாரு, அதுவும் வழக்கம்தான். பஸ்ஸுக்குள்ள பச்சைத் துண்டு கட்டுன எங்க ஆளுங்க எல்லாம் சத்தமில்லாம உக்காந்திருந்தாங்க. குல்சார் பாய் ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு, கண்ணாடியில பின்னாடி யாரும் இல்லாததைப் பாத்துட்டு, எடுக்காம இருந்தாரு. வேற யாரும் அந்த இடத்துல போயி நிக்கல.

காருக்குள்ள ஏறி உக்காந்திருந்த சிங்கண்ணன் கதவைத் தொறந்து இறங்குனாரு. பஸ்ஸுக்குப் பின்னால, கண்ணாடியில தெரியுற மாதிரி போயி நின்னாரு. ரெண்டு கையையும் தூக்கி, வா வான்னு மெதுவா அழைச்சாரு. பஸ்ஸு நகந்துச்சு. சுவரு நெருங்குனதும் உள்ளங்கையக் கவுத்து வீசுனாரு. நின்னுச்சு.

அவரு திரும்பிப் போயி காருல ஏறுற வரைக்கும் குல்சார் பாய் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கல.