கண் எழுதாத தொந்திக்காரர்

பொழுது விடிந்தால் போதும், எங்கள் வீட்டில் காசின் அருமை பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும். பேசுவது அப்பா, வாங்கிக் கட்டிக்கொள்வது அக்கா. அவள் அப்போது ப்ளஸ் டூ. ஒரு ஹேர் கிளிப் வாங்கினாலும் சரி, பஸ் ஸ்டாண்டில் ஒரு சமோசா தின்றாலும் சரி, "வேர்வை சிந்துனாத்தான் காசோட அருமை தெரியும். இந்த வயசுக்கு எங்க தெரியப்போவுது!" என்பார். எனக்கு ஒன்பது வயது. அருமை என்பது அப்பாவுக்குத் தெரிந்த யாரோ ஒரு அம்மாள் என்றும், அக்காவுக்கு மட்டும் அவளை அறிமுகப்படுத்தாமல் வைத்திருக்கிறார் என்றும் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம்தான் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற வேலை. அந்த மாவோடு வாசல்படி ஏறக் கூடாது, பிள்ளைகள் நெஞ்சில் தங்கிவிடும் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே அப்பா கம்பெனிக் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, தலையை அழுந்தச் சீவித்தான் வருவார். வந்ததும் செல்போனைக் கையில் எடுத்தால் சோறு ஆறிப்போனாலும் கீழே வைக்க மாட்டார். ஏதோ சீட்டு விளையாட்டு என்று அக்கா சொன்னாள். காசு கட்டி ஆடுகிற சீட்டு என்று அவள் சொல்லவில்லை.

எங்கள் அலமாரியில் ஒரு பீங்கான் உண்டியல் இருந்தது. மொட்டைத் தலையும் பெரிய தொந்தியுமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். பிடரியில் காசு போடும் வாய். அடியில் திறப்பு கிடையாது, உடைத்தால்தான் உண்டு. வர்ணம் பூசுவதற்கு முன்பே மலிவாக வாங்கி வந்ததால் உடம்பெல்லாம் ஒரே வெள்ளை. கண்ணும் எழுதவில்லை. "ரொம்புற அன்னிக்கி நானே கண்ணு எழுதுவேன். அதுவரைக்கும் யாரு எவ்வளவு போடுறாங்கன்னு அது பாக்கக் கூடாது" என்றார் அப்பா. அக்காவுக்கு நர்ஸாக வேண்டும். அந்தப் படிப்புக்கு முதல் வருஷம் கட்டவேண்டிய பணம் அந்தத் தொந்திக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. அம்மா இன்னொரு கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தேய்த்துக் கிடைத்த கூலியை வாராவாரம் மடித்து உள்ளே தள்ளுவாள். அந்த ஆள் இருக்கிற அலமாரிப் பக்கம் நான் தனியாகப் போக மாட்டேன். கண் இல்லாத முகம், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்க்கும்.

அந்த வருஷம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பார்களே, அம்மா தன்னுடைய ஒரே சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, வேப்பிலையையும் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள். நானும் தொந்திக்காரருமாக வீட்டில் இருந்தோம்.

மத்தியானம். காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே வந்தது ஒரு வெள்ளை ஆள். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, உதடு வெள்ளை. முகம் என்று ஒன்று இல்லவே இல்லை. தொந்திக்காரருக்கு அண்ணன்காரன் ஒருத்தன் இருப்பான் போல என்று நினைத்தேன். கத்த வாயைத் திறந்தால் வீங்கின தாடை விடவில்லை.

அவன் அலமாரி முன்னால் குந்தினான். பொம்மையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். எங்கள் ஊரில் பீங்கான் எதையும் தட்டிப் பார்க்காமல் யாரும் கையில் எடுப்பதில்லை. அப்புறம் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிடரி வாய்க்குள் இரண்டு துடைப்பக் குச்சிகளை விட்டு மெல்ல முறுக்கினான். நாக்கை நீட்டுவதுபோல ஒரு நோட்டு வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. தொந்திக்காரர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காலடி என் பக்கம் வந்தது. உலர்ந்த மண் வாசனை. என் கழுத்தில் சொரசொரப்பான விரல்கள் பட்டன, சங்கிலி மேலே எழும்பியது. போயிற்று, கழுத்தோடு சேர்த்துப் பிடுங்கப் போகிறான் என்று நினைத்தேன். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு சங்கிலி மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது. போர்வையை என் தோள் வரைக்கும் இழுத்து விட்டுவிட்டு அவன் போய்விட்டான். நான் கண் திறந்தபோது சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கால் தடம் மட்டும் இருந்தது.

சாயங்காலம் முதலில் வந்தது அக்காதான். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எதுனா பேசுனானாடி?"

"இல்லக்கா. சங்கிலியப் புடிச்சான். அப்புறம் வுட்டுட்டான்."

அவள் கால் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத்துணி கொண்டுவந்து தரை முழுக்கத் துடைத்தாள். "அம்மாகிட்ட மூச்சு வுடாத பாப்பா. சொன்னா அவன் திரும்ப வருவான்" என்றாள். அம்மா வந்ததும், "அவளுக்கு வீக்கம் வடிஞ்சிடுச்சும்மா, சங்கிலிய நீயே போட்டுக்க" என்று என் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டாள். கன்னம் பன்னு மாதிரி இருந்தது எனக்கு! அம்மா சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் போட்டுக்கொண்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவன் வந்தான் போலிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் சில சாயங்காலங்களில் அக்கா தரை துடைப்பாள்.

கம்பெனிகளுக்கு வெளியே ரோட்டோரம் உடைந்த பீங்கான் சில்லுகள் குவிந்து கிடக்கும். அக்கா அவற்றில் சன்னமானவையாகப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வருவாள். அம்மா வருவதற்குள் ஒவ்வொன்றாகத் தொந்திக்காரருக்கு ஊட்டுவாள். பால் பற்கள் மாதிரி வெள்ளைச் சில்லுகள் பிடரிக்குள் கிலுக் கிலுக்கென்று விழும்.

"என்னக்கா பண்ற?"

"அதுக்குப் பசிக்குதாம்."

கிளிப்பு வாங்கக் கிடைத்த சில்லறையையும் அதற்கே போட்டாள். அக்காவுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று பயந்து, அவள் பக்கத்தில் படுப்பதையே விட்டுவிட்டேன். அலமாரி துடைக்கும்போது பொம்மையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா கனத்துப் போச்சுங்க" என்று அம்மா பூரித்துப்போவாள். அப்பா செல்போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

ரிசல்ட் வந்தது. அக்கா நல்ல மார்க். அம்மா தரையில் பழைய புடவையை விரித்துத் தொந்திக்காரரை அதில் உட்கார வைத்தாள். "சொன்னீங்களே, கண்ணு எழுதுங்க" என்று அப்பாவிடம் தூரிகையைக் கொடுத்தாள். அப்பா ஒரு கண்ணை எழுதினார். அடுத்த கண்ணுக்குக் கை போகவில்லை. தூரிகை அந்தரத்திலேயே நின்றது.

"மை காஞ்சிப்போச்சு" என்றார்.

"ஒத்தக் கண்ணு போதுங்க, நேரமாவுது" என்று அம்மா சுத்தியலைப் போட்டாள்.

பீங்கானுக்குள்ளிருந்து பீங்கான் கொட்டியது. எது பொம்மை, எது உள்ளே இருந்தது என்றே தெரியவில்லை. அம்மா இரண்டு கையாலும் அளைந்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. கொஞ்சம் சில்லறை அகப்பட்டது, நோட்டு ஒன்றுகூட இல்லை. எழுதின ஒற்றைக் கண் ஒரு துண்டில் மல்லாந்து கிடந்து அப்பாவைப் பார்த்தது.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றாள் அக்கா. யாரும் கேட்பதற்கு முன்பே.

அம்மா அவளை அடித்த அடி தெருவுக்கே கேட்டது. "என்னாத்துக்குடி எடுத்த? உன் படிப்புக்குத்தானடி பாவி!" எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா இல்லம்மா! வெள்ள ஆளு எடுத்தான்! மத்தியானத்துல வந்தான்!" என்று கத்தினேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அம்மா என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை.

அப்பாதான் விலக்கிவிட்டார். "வுடு, சின்னப் பொண்ணு. இந்த வயசுல காசோட அருமை எங்க தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய், சுத்தமாக இருந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். என் அப்பாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நர்ஸாகவில்லை. கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, தூக்குவாளியைக் கொடுத்து அம்மா என்னைக் கம்பெனிக்கு அனுப்பினாள். நான் அதற்குள் போவது அதுதான் முதல் தடவை. அரவைக் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவன் எழுந்தான். அதே வெள்ளைத் தலை, அதே வெள்ளை உதடு. என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தேன்.

"ஏ பாப்பா! ஏன்டி ஓடுற? நான்தான்டி, அப்பா!"

அப்பாவின் குரலேதான். பாவி, என் அப்பாவின் குரலையும் எடுத்துவிட்டான் என்று நினைத்து, அக்காவின் கடை இருக்கிற திசையில் இன்னும் வேகமாக ஓடினேன்.