அரிசிப் பையோடு ஏழு மாடி

"அக்கா, உங்களுக்கு ஐஞ்சு நாள் நடக்க ஏலுமோ?"

டொரொண்டோவிலிருந்து தங்கச்சி ஃபோன் எடுத்தவுடன் கேட்டது இதைத்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்தொரு வயது. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எண்பதுகளில் நான் லண்டனுக்கு வர, அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். ஒருவரையொருவர் கண்டு பதினொரு வருடம். யாருடைய கலியாணத்திலாவது சந்திப்போம் என்று நான் இருந்தேன்.

"கலியாண வீட்டிலை சனத்தோடை சிரிச்சே நாள் போயிடும்," என்றாள். "எனக்கு உங்களோடை கதைக்க வேணும்."

லைப்ரரியில் ஒரு புத்தகத்தில் அந்தப் பாதையைப் பார்த்திருக்கிறாள். அலாஸ்காக் கடற்கரையில் தொடங்கி, மலையேறி, கனடாவுக்குள் இறங்கும் பாதை. நூறு வருடங்களுக்கு முன் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியால் போயிருக்கிறார்கள். ஒரு வருடச் சாப்பாடு கையில் இல்லாதவர்களை எல்லையில் திருப்பி அனுப்பினார்களாம். அதனால் ஒரே மலையைத் திரும்பத் திரும்ப ஏறி, மூட்டை மூட்டையாகச் சுமந்தார்களாம். நாங்கள் கூடாரத்தையும் ஐந்து நாள் சாப்பாட்டையும் சுமந்தால் போதும்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் பயம் வந்தது.

கணவர் முதலில் சிரித்தார். "இன்னும் அங்கை தங்கம் கிடக்காமோ?" பிறகு முகம் மாறியது. "ஊரிலை சண்டைக்குள்ளை மூட்டை சுமந்து ஓடினது காணாதோ? இப்ப காசு குடுத்துச் சுமக்கப் போறீரோ?"



பழைய சாமான் கடையில் ஒரு முதுகுப்பை வாங்கினேன். பத்துக் கிலோ அரிசிப் பையை அதற்குள் இறக்கி, நாங்கள் இருந்த கவுன்சில் கட்டடத்தின் ஏழு மாடியையும் வேலை முடிந்து வந்து ஏறி இறங்கினேன். முதல் நாள் நாலாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மா லிப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "இது வேலை செய்யுது, வா" என்று கூப்பிட்டா. நான் தலையாட்டிவிட்டு எழும்பி ஏறினேன். மூன்று கிழமையில் அதே அம்மா, "இன்றைக்கு எத்தனை தரம்?" என்று கேட்கத் தொடங்கினா.

சப்பாத்துக் கடையில் என் காலை அளந்த பெண் இரண்டாம் தரமும் அளந்து பார்த்தாள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு சைஸ் சின்னச் சப்பாத்துத்தான் போட்டிருக்கிறேன். சரியான சைஸில் எழும்பி நின்றபோது விரல்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, கணவர் என்னை லண்டனுக்கு வெளியே பொக்ஸ் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் காரில் இறக்கிவிட்டார். தான் பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கிறதாகவும், இரண்டு மணிக்கு வரும்படியும் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. இறக்கத்தில் சேறு வழுக்கி, முதுகுப்பை என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. குதிக்கால் உரிந்து எரிந்தது. சேற்றிலேயே இருந்து அழுதேன். வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து ஏலாது என்று சொல்ல நினைத்தேன்.

அழுது முடிந்த பிறகு சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். சொக்ஸ் மடிந்து கிடந்தது. அவ்வளவுதான். அதை இழுத்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டி, மெல்ல இறங்கினேன்.

பாதி வழியில் எதிரே கணவர் வந்தார். வேலைக்குப் போடும் வழுக்குச் சப்பாத்து, கையில் குடை, முழங்கால் வரை சேறு. நாலு மணியாகிவிட்டது என்றார்.

"பையைத் தாரும்."

"வேண்டாம். நீங்கள் என்ரை கையைப் பிடியுங்கோ, விழுந்திடுவியள்."

அவர் பிடித்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் இறங்கிய பிறகு, "ஏனப்பா இந்த வில்லங்கம்?" என்று கேட்டார். கோபமாக அல்ல.

"அப்ப ஆரோ துரத்தினதாலை சுமந்தம்," என்றேன். "இது நானாய்ச் சுமக்கிறது. எப்பிடி இருக்குமெண்டு பாக்க வேணும்."

அடுத்த கிழமை அவர் ஒரு சின்ன காஸ் அடுப்பு வாங்கி வந்து, பல்கனியில் வைத்துக் காற்றில் தேத்தண்ணி கொதிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயற்றம் உருண்டை பிடித்தேன். மாசிக் கருவாட்டுச் சம்பல் மட்டும் தங்கச்சி வேண்டாம் என்றுவிட்டாள். "கரடிக்கு மணம் பிடிச்சிடும் அக்கா!"

ஆகஸ்டில் நானும் தங்கச்சியுமாகப் போனோம். விமான நிலையத்தில் அவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மூன்றாம் நாள், பாறைகளில் கையும் காலுமாக ஏற வேண்டிய இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளிடமிருந்து கூடாரத்தை வாங்கி என் பையில் கட்டினேன். உச்சியில் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இருவரும் கத்திச் சிரித்தோம்.

கடைசி நாள் ஏரிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு இருந்தபோதுதான் அவள் சொன்னாள். "ஃபக்டரி வேலையை விட்டிட்டன் அக்கா. நேர்ஸிங் படிக்கப் போறன். முப்பத்தாறு வயசிலை. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பயமாக் கிடக்கோ?"

"ஓம்."

"படி," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். தண்ணீர் குளிர்ந்தது. நாங்கள் காலை எடுக்கவில்லை.