சின்னுசாமி சுருட்டிய குழாய்

மோட்டாரை நிறுத்திய கையோடு சின்னுசாமி வயலில் குனிந்துவிடுவார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே கிடக்கும் சொட்டுநீர்க் குழாயின் நுனியைப் பிடித்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே நடப்பார். முக்கால் ஏக்கரையும் சுற்றி முடித்து, சுருள்களை மோட்டார் ரூம் சுவரில் மாட்டிய பிறகுதான் காலைச் சாப்பாடு. திருச்செங்கோட்டுப் பக்கம் எல்லோரும் இந்தக் குழாயை வயலிலேயே விட்டுவைக்கிறார்கள். இவரால் மட்டும் முடியாது.

"எலி கடிச்சுப்போடுமுங்க. வெயில்ல கெடந்தா வெடிச்சுப்போகும். சும்மா வந்ததுன்னு சும்மா உட்ற முடியுமுங்களா?" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். மூன்று வருடமாகியும் மொபெட் சீட்டின் பாலித்தீன் உறையைக் கிழிக்கவில்லை. வெயிலில் அது தொடையைச் சுடுகிறது என்று மனைவி ஆத்தாயி துண்டு போட்டுத்தான் உட்காருகிறாள். "கண்ணாலம் பண்ணுன அன்னைக்கே என்னையும் மடிச்சு பீரோவுல வெச்சிருப்பாருங்க. நான் மடங்கலை, அவ்வளவுதான்" என்று சிரிப்பாள்.

குழாய் விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. அது அரசு மானியத்தில் வந்தது. கம்பெனி முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டது. தோட்டக்கலை அலுவலர் வந்து, குழாய் வயலில் ஓடுவதைப் பார்த்து, விவசாயியோடு சேர்த்துப் படம் எடுத்தால்தான் மானியம் கிடைக்கும். இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். கிணற்றில் ஊறுவதோ அரை மணி நேரத் தண்ணீர். குழாய் போனால் கிழங்கும் போச்சு.

முதல்முறை அலுவலர் நர்மதா சொல்லாமல் வந்தார். வயலில் ஒரு முழக் குழாய்கூட இல்லை. "குழாய் காணப்படவில்லை" என்று பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார். சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டியும் பலனில்லை. சுவரில் சொட்டுநீர் பாய்ச்ச விதியில் இடமில்லையாம். இரண்டாம்முறை சொல்லிவிட்டுத்தான் வந்தார். பத்து மணி என்றவர் இரண்டு மணிக்கு வந்து நின்றார். உச்சி வெயில் ஏறியதுமே சின்னுசாமி சுருட்டி முடித்திருந்தார். ஆத்தாயி அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மூன்றாம்முறைதான் கடைசி என்று தகவல் வந்தது. காலையிலிருந்தே ஆத்தாயி வரப்பில் காவல் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, தொட்டீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்." அவர் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் கிடக்கும் குழாயைப் பார்த்தபடி தவித்தார்.

பன்னிரண்டரைக்கு நர்மதா வந்தார். மோட்டார் ஓடியது, தண்ணீர் சொட்டியது, எல்லாம் சரி. "குழாய் நுனியக் கையில புடிச்சு நில்லுங்க" என்று செல்போனை உயர்த்தினார். டவர் கிடைக்காமல் அரசாங்க ஆப் படம் எடுக்க மறுத்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆத்தாயி தற்செயலாகக் கணவரின் கையைப் பார்த்தாள். அவர் முகம் செல்போனையே பார்த்து விறைப்பாக நிற்க, கை தன்பாட்டுக்குக் குழாயை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தது. ஒரே எட்டில் போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அந்தக் கையை அவள் பிடித்தது இப்போதுதான்.

"அம்மா, நீங்க அக்கட்டால போங்க. படத்துல விவசாயி மட்டுந்தான் இருக்கோணும்."

"உட்டா சுருட்டிப்போடுவாருங்க, சாமி!"

ஆத்தாயி தலையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.